சொளகில் இரண்டு தட்டு

என் கடையில் பேச்சுச் சத்தமோ சிரிப்புச் சத்தமோ கேட்காது என்று இருபது வருஷமாக ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான். கடை என்றால் சில்லறைக்கு விற்கிற கடை இல்லை. போடியில் ஏலக்காய் பொறுக்குகிற கொட்டகையையும் கடை என்றுதான் சொல்வோம். மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் இறங்கும். முப்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு சொளகை, அதாவது முறத்தை, முன்னால் வைத்துக்கொண்டு, வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம், நல்ல பச்சைக் காய் ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் ஏலத்துக்கும் மலைக்குமாக அலைவார். கடை முழுக்க என் பொறுப்பு.

பேசினால் கை தப்பும். கை தப்பினால் வெடித்த காய் நல்ல காயோடு போய்ச் சேரும். சரக்கு எடுக்க வந்த வியாபாரி சாம்பிளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பு எனக்கு ஆகவே ஆகாது. அதனால் கடையில் பேச்சு கூடாது, சிரிப்பு கூடவே கூடாது என்பது என் சட்டம். நான் எப்போது உள்ளே நுழைந்தாலும் முப்பது தலையும் குனிந்திருக்கும். முப்பது ஜோடிக் கைகளும் ஓடிக்கொண்டிருக்கும். காய் உருளுகிற சரசரப்பு மட்டும் கேட்கும். பக்கத்துக் கடைக்காரம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, எங்க கடையில வாயடைக்க முடியலயே, நீங்க என்ன மந்திரம் போட்டீக என்று கேட்டார். எல்லாம் பழக்குகிற விதத்தில் இருக்கிறது என்று நானும் பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னேன். இப்போது நினைத்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று இருக்கிறது.

எனக்கு ஒரே மகள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்குப் போகமாட்டாள், நேரே கடைக்குத்தான் வருவாள். வாசலோரம் கிடக்கும் ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் கடைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் அவளும் நோட்டில் கண் வைத்து எழுதிக்கொண்டுதான் இருப்பாள். என்ன ஒழுங்கான பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று பூரித்துப்போவேன். எட்டு வயதில் தேனிக்குப் பஸ்சில் கூட்டிப்போய் வயலின் வகுப்பில் சேர்த்துவிட்டேன். நன்றாகக் கற்றுக்கொண்டாள். கோயில் திருவிழாவில் மேடையேறினாள். கல்லூரிக்குச் சென்னை போனாள். அங்கே போய்த்தான் மேல்நாட்டு சங்கீதம் பக்கம் சாய்ந்தாள்.

இப்போது அவர்கள் நான்கு பேர். என் மகளும் ஒரு சென்னைப் பெண்ணும் வயலின். கோவாக்காரப் பையன் ஒருவன் வயோலா, அதாவது வயலினுக்கு அண்ணன். கோட்டயத்துப் பையன் செல்லோ, அதை இரண்டு முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வைத்து வாசிப்பான். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அரைவட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். எந்தக் காலத்திலோ யாரோ எழுதி வைத்ததை வாசிப்பது மட்டும் இல்லை, தாங்களே புதிதாக எழுதியும் வாசிப்பார்கள். அவர்கள் எழுதுவதெல்லாம் விளையாட்டு. ஒருவர் வேண்டுமென்றே தப்பாக வாசிப்பார், மற்ற மூவரும் முறைப்பார்கள். வயலின் தும்மும். செல்லோ குறட்டை விடும். வாத்தியத்தின் முதுகில் தட்டுவது, வில்லைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் உரசுவது, நடுவில் எல்லோரும் சேர்ந்து தாளைப் புரட்டுவது, இதெல்லாமும் பாட்டில் சேர்த்தி. போனில் ஒன்றை எனக்குக் கேட்கக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது கண்ணு என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

போன வைகாசியில், மலையில் காய் வரத்து குறைந்திருந்த சமயம், ஒருநாள் கூப்பிட்டு, நாலு பேரும் நம் ஊரில் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிக்க ஆசைப்படுகிறோம் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் யாரைக் கூப்பிடலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்தேன். அவள் குறுக்கே புகுந்தாள்.

"சொந்தக்காரங்க வரட்டும், வராமப் போகட்டும். கடை ஆளுக எல்லாரும் வரணும்மா. முப்பது பேரும் வரணும். அது முக்கியம்."

ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாள்.

சும்மா இல்லை. அது எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்த காரியத்தின் லட்சணம் விளங்கும். அவர்கள் ரெக்கார்டிங் ஒன்று செய்யப்போகிறார்கள். கையில் ஆறு பாட்டு இருந்தது, ஐந்துக்குத்தான் இடம். ஆறில் ஒன்று என் மகள் எழுதியது. அவளே முழுக்க உட்கார்ந்து எழுதிய முதல் பாட்டு. ஆட்கள் சிரிக்க வேண்டும் என்று எழுதியது. அதைச் சென்னையில் வாசித்தார்கள், பெங்களூரில் வாசித்தார்கள், பாண்டிச்சேரியில் வாசித்தார்கள். ஒரு இடத்திலும் ஒருவரும் சிரிக்கவில்லை. சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்து கேட்டுவிட்டு நாகரிகமாகக் கை தட்டினார்களாம். சென்னையில் ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரிவுத் துயரம் அப்படியே நெஞ்சை அடைக்குதும்மா என்றாராம். அன்றைக்கு ராத்திரி என் மகள் சாப்பிடவில்லையாம். மற்ற மூன்று பேரும் நல்ல பிள்ளைகள்தான், ஆனாலும் யாரும் சிரிக்காத வேடிக்கைப் பாட்டை எப்படி ரெக்கார்டிங்கில் வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். கடைசியாகப் போடியில் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம், அங்கேயும் சிரிக்கவில்லை என்றால் நானே அதை எடுத்துவிடுகிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

இது எதுவும் தெரியாத நான், சனிக்கிழமை மாலை வேலை முடிகிற நேரத்தில் கடை நடுவில் நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். நாளைக்குப் பட்டணத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், என் மானத்தை வாங்கிவிடாதீர்கள் என்று ஆரம்பித்தேன். கோபம் எனக்கு மூக்கு நுனியிலேயே இருக்கும், ஒரு காரணமும் இல்லாமல் அது வந்துவிட்டது. முடிக்கும்போது இப்படிச் சொன்னேன்:

"நாளைக்கு மண்டபத்துல யாரும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. எவ பல்லு வெளிய தெரியுதோ, அவ திங்கக்கிழமை கடைப்பக்கம் வரவேண்டாம்."

முப்பது பேரும் சரியென்று தலையை ஆட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோட்டயத்துப் பையன்தான் வாயை விட்டான். என் மகள் குளிக்கப் போயிருந்தாள். எத்தனை பேர் வருவாங்க ஆன்ட்டி என்று கேட்டான். முப்பது கடை ஆட்கள், அது போகச் சொந்தக்காரர்கள் என்றேன். ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள், நான் கண்டிஷனாகச் சொல்லியிருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவன் கையில் எடுத்த இட்லி அப்படியே நின்றது.

"அய்யோ ஆன்ட்டி. ஆளுக சிரிச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டா."

மதி என்றால் போதும் என்பது எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியாதா. அப்புறம்தான் அவன் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னான். நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். சட்னிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம். பல வருஷத்துக்கு முன்னால் போடிமெட்டு வளைவில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது இடது கணுக்கால் முறிந்தது. அன்றிலிருந்து என் நடை ஒரு எட்டு நீளம், இரண்டு எட்டு குட்டை.

அது ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் அங்கே யாருக்கோ கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. மேடைப் பின்னணியில் தெர்மாகோல் மயில் இரண்டு மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு நின்றன. மாலையில் அவர்கள் வந்து கழற்றிக்கொள்வார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் மண்டபத்துக்காரர். நானும் சும்மா இருக்கவில்லை. வாசலில் மேசை போட்டுச் சந்தனம், கற்கண்டு, ரோஜாப்பூ, பன்னீர்ச் சொம்பு எல்லாம் வைத்திருந்தேன். விருந்தாளி வந்தால் பன்னீர் தெளிக்காமல் எப்படி.

கடை ஆட்கள் பத்து மணிக்கே வந்து முன்வரிசைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் விசேஷத்துக்குக் கட்டுகிற சேலை. ஒருத்தி வாயிலும் சொல் இல்லை. கடையில் முதல் ஆளாக உட்காருபவளிடம் போனேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள், நான் கடை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறாள். நேற்றுச் சொன்னதை மறந்துவிடுங்கள், சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள் என்று அவள் காதில் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து சிரிச்சா கடைக்கு வராதன்னீக. இன்னைக்கி சிரிங்கன்றீக. எந்த எடத்துலக்கா சிரிக்கணும்?"

அது எனக்கு மட்டும் தெரியுமா. எங்கே சிரிப்பு வருகிறதோ அங்கே என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து பேசினாள், அவள் அடுத்தவளிடம் பேசினாள். சேதி வரிசை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. முடிவை இவள் சொன்னாள்: நீங்கள் முதலில் சிரியுங்கள், உங்களைப் பார்த்துக்கொண்டு நாங்கள் சிரிக்கிறோம். ஒருத்தியும் என்னை நம்பவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சரி, நான் முன்னால் வந்து உட்காருகிறேன் என்று ஒப்புக்கொண்டு திரும்பினால், வாசலில் சொந்தக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள். ராசிங்காபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய. பொட்டிபுரத்திலிருந்து என் சின்ன மாமனார். எங்கள் மூட்டைகளைப் போடிமெட்டு வழியாக இறக்கிக் கொண்டுவருகிற ஜீப்பு டிரைவர், வெள்ளை வேட்டி சட்டையில். நான் பன்னீர்ச் சொம்பும் கையுமாக வாசலிலேயே மாட்டிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு நாலு பேரும் மயில்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து சுருதி சேர்த்தார்கள். சேர்த்து முடித்ததும் சின்ன மாமனார் பலமாகக் கை தட்டினார். மற்ற சொந்தக்காரர்களும் தட்டினார்கள். நல்லா இருந்துச்சு, சுருக்க முடிச்சுட்டாக என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கடை ஆட்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர்களும் சிரிக்கவில்லை.

முதல் பாட்டு, தும்மல். நாலு வாத்தியமும் மாறி மாறித் தும்முகிற கூத்து. தும்மல் வரும்போல வந்து வராமல் போகும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், கடைசியில் செல்லோ தும்மும். மிளகாய் வறுக்கிற வீட்டில் நடப்பதுதான். என் ஆட்களில் ஒருத்திக்குத் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். குலுக்கல் நின்றுவிட்டது. வாசலில் நின்று நான் சிரித்துக் காட்டப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. யாரோ ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

இரண்டாவது பாட்டு கோட்டயத்துப் பையன் எழுதியது. ஜீப்பு ஒன்று போடிமெட்டு ஏறுகிறது. செல்லோ அடிவயிற்றிலிருந்து உறுமுகிறது. ஒவ்வொரு வளைவிலும் வயோலா ஹாரன் அடிக்கிறது. எதிரே பஸ்சு வந்தால் எல்லோரும் நிறுத்திவிட்டு, பின்னால் நகர்ந்து, வழிவிட்டு, மறுபடி உறுமுகிறார்கள். எனக்கே இது புரிந்தது. கதவு ஓரத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஜீப்பு டிரைவருக்கு முகம் இறுகிவிட்டது. வலது கால் தரையை மிதிக்கிறது, இடது கை வேட்டி மடிப்பில் எதையோ தேடுகிறது. பாட்டு முடியும்வரை வண்டியை அவர்தான் ஓட்டினார். முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, மூன்றாவது வளைவிலேயே இரண்டாங்கியருக்கு மாற்றியிருக்க வேண்டும், லோடோடு ஏறாது என்று வருத்தமாகச் சொன்னார். பொட்டிபுரத்து மாமனார், எங்கள் ஊர் மலையை ஏதோ ஆராய்ச்சிக்காகக் குடையப் போவதாகச் சொன்னார்களே, அது இப்படித்தான் கேட்கும்போல என்றார். கடை ஆட்கள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கை தட்டினார்கள். அழகாக, ஒரே மாதிரியாக, நாகரிகமாகத் தட்டினார்கள்.

மேடையில் கோவாக்காரப் பையன் சென்னைப் பெண்ணைப் பார்த்தான். அவள் என் மகளைப் பார்த்தாள். என் மகள் யாரையும் பார்க்காமல் வில்லில் பிசின் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்கினால் அவளுக்குக் கீழுதடு ஒரு பக்கம் இழுக்கும். அது இழுத்தது. நான் பெற்ற பிள்ளைக்கு நானே மண்ணை அள்ளிப் போட்டேனே. முன்னால் போகலாமென்றால் நடுவழியெல்லாம் நாற்காலி. அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவளுடைய பாட்டு.

நாலு பேரும் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் தந்தியைப் பொடிப்பொடியாகத் தெறித்தார்கள். சரசர, சரசர. முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. காய் உருளுகிற சத்தம் அது. அதில் யாரும் ஏமாற முடியாது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சரசரப்புக்கு மேலே வயலின் இரண்டும் பேச ஆரம்பித்தன. ஒன்று எதையோ சொல்ல மற்றது ம் கொட்டியது. செல்லோ நடுவில் மூக்கை நுழைத்தது. வயோலா இழுத்து இழுத்து ஏதோ கதை விட்டது. யார் தலையோ அங்கே உருளுகிறது என்பது நன்றாகத் தெரிந்தது. ஒரு வயலின் கிளுகிளுவென்று சிரித்தது, அது மற்ற மூன்றுக்கும் தொற்றிக்கொண்டது. நாலு வாத்தியமும் விழுந்து விழுந்து சிரிக்கிற நேரத்தில், என் மகள் வில்லைத் திருப்பிப் பிடித்து வயலின் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

டக். டக்.

முப்பது முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. முப்பது தலையும் ஒரே நேரத்தில் குனிந்தன. கைகள் மடிக்குப் போய், சொளகும் இல்லை காயும் இல்லை, வெறும் சேலை மடிப்பில் பொறுக்க ஆரம்பித்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன நடக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம் முதல் ஆள் மெல்ல, ஓரக்கண்ணால், வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்தவள் பார்த்தாள். அதற்கடுத்தவள் பார்த்தாள். வாசலில் பன்னீர்ச் சொம்போடு நான் நின்றேன்.

மேடையில் நாலு பேரும் தலையைக் குனிந்து, உலகத்திலேயே நல்ல பிள்ளைகள் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு மெட்டை ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடியில் செல்லோ மட்டும் நடந்து வந்தது. டொப், டொப்டொப். டொப், டொப்டொப். ஒரு எட்டு நீளம், இரண்டு எட்டு குட்டை. கிட்டே வந்து நின்றது. சுற்றிப் பார்த்தது. இரண்டு உறுமு உறுமியது. மறுபடியும் டொப், டொப்டொப் என்று திரும்பிப் போனது.

ஜீப்பு டிரைவர் என் பக்கம் குனிந்தார். "யக்கா, இது உங்க நடையில்ல?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இருபது வருஷம். வரிசையில் யாரோ சொளகு விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் நான் வருகிறேன் என்று அர்த்தம். காயைச் சமப்படுத்தச் சொளகைத் தட்டுவது எல்லோரும் செய்வதுதானே, நான் எங்கே கண்டேன். குனிந்த தலையும் ஓடுகிற கையும் எல்லாம் எனக்காகப் போட்ட நாடகம். மந்திரம் போட்டேனாம் மந்திரம். பாட்டில் என் நடை ஓய்ந்ததும் செல்லோவிலிருந்து வயலின்வரை எல்லாம் மறுபடி கிளுகிளுவென்று சிரிக்க ஆரம்பித்தன. அரங்கத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முப்பது பேரும் முகத்தில் ஈயாடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டு உடைந்துவிட்டது, திங்கட்கிழமை என்ன ஆகப்போகிறதோ என்கிற பயம் அந்த முகங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது.

இரண்டாவது முறை என் மகள் தட்டினாள். டக், டக். தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முகம். கண் கீழே, வாய் இறுக மூடி, அப்பாவித்தனம் சொட்டச் சொட்ட. சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற அதே முகம். கடை வாசலில் அந்த மூட்டை கிடக்கிற இடத்திலிருந்து பார்த்தால் எங்கள் தெருமுனை நன்றாகத் தெரியும். நான் முனை திரும்புவதை முதலில் பார்க்கக்கூடிய ஆள் அங்கே ஒருத்திதான் இருந்தாள். ஒழுங்கான பிள்ளை என்று நான் பூரித்துப்போன என் மகள்.

அடிக் கழுதை என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பன்னீர்ச் சொம்பு கையில் குலுங்கி டிரைவர் வேட்டியெல்லாம் பன்னீர். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவ்வளவுதான், மண்டபம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். முப்பது பேரும் இருபது வருஷச் சிரிப்பைச் சேர்த்து வைத்துச் சிரித்தார்கள். முதல் ஆள் சிரித்தால் மூச்சு விசில் மாதிரி ஊதும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒருத்தி பக்கத்தில் இருப்பவள் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தாள். ஒருத்தி நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்லோ டொப், டொப்டொப் என்று நடக்க நடக்கச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. சின்ன மாமனாருக்கு ஒன்றும் தெரியாது, அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மேடையில் வில் நடுங்க ஆரம்பித்து, ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். கோவாக்காரப் பையன் வயோலாவை மடியில் போட்டுக்கொண்டு என் மகளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பாட்டை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், வேறு யார், ஜீப்பு டிரைவர். மறுபடி வாசித்தார்கள். தட்டு வருகிற இடத்தில் முப்பது பேரும் நாற்காலிக் கையில் சேர்ந்து தட்டினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மணமகள் அறையில் அவளைப் பிடித்தேன். வாத்தியத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெத்த தாயவே காட்டிக்குடுத்திருக்கியே என்று காதைத் திருகினேன். விடவில்லை, திருகிக்கொண்டே கேட்டேன், ஏன் இப்படி எழுதினாய் என்று. அவள் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

"நம்ம கடை அவ்வளவு சந்தோஷமான எடம்மா. அவங்க சிரிக்கிறதக் கேட்டுத்தான் நான் வளந்தேன். நீ வந்தா நின்னுரும். உனக்கு மட்டும் அது தெரியாமலே போச்சு. நீயும் ஒருதரம் கேக்கணும்னு நெனச்சேன்."

காதை விட்டுவிட்டேன். கஷ்டமாக இருந்தது, அதைச் சொல்லாமல் என்ன. என் கடையில் எனக்குத் தெரியாத ஒரு கடை இருபது வருஷமாக நடந்திருக்கிறது. அதில் என்னைத் தவிர எல்லோருக்கும் இடம் இருந்திருக்கிறது. சாப்பிட வா, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். ரெக்கார்டிங்கில் அந்தப் பாட்டு சேர்ந்துவிட்டது என்று கோட்டயத்துப் பையன் பந்தியில் வைத்துச் சொன்னான். இரண்டு அப்பளம் கூடுதலாக அவனுக்கு நானே வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைப் பஸ்சு ஏற்றிவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். தெருமுனை வந்ததும் என் கால் தானாக நின்றது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். என் தெருவில், என் கடைக்கு, நானே திருடி மாதிரி நடந்து போனேன். எதிரே வந்த பால்காரர் என்ன ஏது என்று பார்த்தார். பார்க்கட்டும். சுவரோரமாகவே போய்க் கடை வாசலுக்குக் கையெட்டுகிற தூரத்தில் நின்றேன். உள்ளே காய் உருளுகிற சரசரப்பு. அதற்கு மேலே பேச்சு. முந்தின நாள் நான் இருமியதை, தண்ணீர் குடித்ததை, பன்னீரை டிரைவர் மேல் கொட்டியதை ஒருத்தி செய்து காட்டுகிறாள்போல. முதல் ஆளின் விசில் ஊதியது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அப்புறம் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, வாசற்கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

உள்ளே சட்டென்று அடங்கியது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். முப்பது தலையும் குனிந்திருந்தன, முப்பது ஜோடிக் கைகளும் ஓடிக்கொண்டிருந்தன. முதல் ஆள் மட்டும் மெல்ல நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு ஊத ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவளுக்குத் தோள் குலுங்கியது.

நான் உள்ளே போனேன். சிரிப்பு நிற்கவில்லை.